டிஃபெண்டருக்கு எப்படி பாலன் டோர் கெடச்சுது? மத்தியாஸ் ஸாமர் பத்தின கேள்விக்கு பதில்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம், இத கொஞ்சம் விரிவா பேசணும்னு தனியா எடுத்து வச்சிருந்தேன். கேள்வி என்னன்னா, "ப்ரோ, மத்தியாஸ் ஸாமர்னு ஒரு ஜெர்மன் பிளேயர் 1996ல ரொனால்டோவ தாண்டி பாலன் டோர் வாங்கிருக்காரு, ஒரு எடத்துல டிஃபெண்டர்னு போட்ருக்கு, இன்னொரு எடத்துல மிட்ஃபீல்டர்னு போட்ருக்கு, எது கரெக்ட்? அந்த அவார்டு நியாயமா? கோச் ஆகி சின்ன வயசுலயே லீக் ஜெயிச்சவரு அப்பறம் ஏன் கோச்சிங் பக்கமே வரல?" அவ்ளோதான் கேள்வி. பாலன் டோர்னா அந்த வருஷத்தோட பெஸ்ட் ஃபுட்பால் பிளேயருக்கு குடுக்குற அவார்டு. ரொனால்டோன்னா இங்க பிரேசில் ரொனால்டோ, அத குழப்பிக்காதீங்க.

மொதல்ல பொசிஷன். ரெண்டுமே கரெக்ட்தான், இன்னும் சொல்லப்போனா ஸ்ட்ரைக்கரையும் சேத்துக்கணும். இவரு கிழக்கு ஜெர்மனி ஆளு, ட்ரெஸ்டன் ஊர்ல 1967ல பொறந்தவரு. அப்பா கிளாஸ் ஸாமரும் ஃபுட்பால் பிளேயர், அப்பறம் டைனமோ ட்ரெஸ்டன் கிளப்புக்கே கோச். அப்பா கோச்சா இருக்கும்போதுதான் பையன் 1985ல சீனியர் டீமுக்குள்ள வராரு, அப்போ அவரு முன்னாடி ஆடுற ஆளு. அதுக்கப்பறம் நடு மிட்ஃபீல்டுக்கு வந்தாரு, அங்க இருந்துகிட்டே 1989, 1990 ரெண்டு வருஷமும் கிழக்கு ஜெர்மனி லீக் ஜெயிச்சாங்க.

இங்க ஒரு மேட்ச் சொல்லியே ஆகணும். 1990 செப்டம்பர் 12, பிரஸ்ஸல்ஸ்ல பெல்ஜியம் கூட கிழக்கு ஜெர்மனியோட கடைசி மேட்ச். இன்னும் மூணு வாரத்துல அந்த நாடே இல்ல, நெறைய பேரு வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க, மொத்தமா 14 பேரத்தான் கூட்டிட்டு போக முடிஞ்சுது. அந்த மேட்ச்ல கேப்டன் ஸாமர், 2-0ன்னு ஜெயிக்கிறாங்க, ரெண்டு கோலும் அவரே போட்டாரு. இல்லாம போகப்போற ஒரு நாட்டுக்காக இவ்ளோ ஓடணும்னு என்ன இருக்கு சொல்லுங்க? ஆனா அவருக்கு ஜெர்சிய போட்டுட்டா பாதி மனசோட ஆட வராது, அந்த குணத்த பிடிச்சுகிட்டீங்கன்னா அவரு கேரியர் முழுக்க புரியும். அதே வருஷம் டிசம்பர்ல ஒண்ணான ஜெர்மனி டீம் ஸ்விட்சர்லாந்து கூட ஆடுது, அதுல ஸ்டார்ட்டிங் லெவன்ல இருந்த கிழக்கு ஜெர்மனி ஆளு இவருதான்.

கிளப் பக்கம் 1990ல ஸ்டுட்கார்ட் போறாரு, 1992ல ஜெர்மனியோட டாப் லீக் புண்டெஸ்லிகா ஜெயிக்கிறாங்க, அப்பறம் இத்தாலிக்கு இன்டர் மிலன் போய் அரை சீசன்தான், ஆட்டத்துல ஒண்ணும் குறை இல்ல, கோல் கூட போட்டாரு, ஆனா அவரு மனசு அங்க ஒட்டல, 1993 ஜனவரில திரும்ப ஜெர்மனிக்கு, டார்ட்முண்ட் கிளப்புக்கு வந்துட்டாரு. அங்கதான் கோச் ஒட்மார் ஹிட்ஸ்ஃபெல்ட் அவர மிட்ஃபீல்டுல இருந்து பின்னாடி கொண்டுவந்து லிபரோவா ஆட வைக்கிறாரு.

இப்போ ஆடுற ஆட்டத்துல லிபரோங்கிற ஆளே இல்ல, அதனால இத சொல்லிடறேன். பின்னாடி மூணு பேரு. அதுல ரெண்டு பேரு எதிர் டீம் ஸ்ட்ரைக்கர்ஸ ஆளுக்கு ஒருத்தரா ஒட்டிகிட்டே போவாங்க, மூணாவது ஆளுக்கு மார்க் பண்ற வேலை கெடையாது, அவரு ஃப்ரீ. பால் தவறி வந்தா கிளியர் பண்ணணும், பால் நம்ம கைக்கு வந்தா அங்கருந்து ஆட்டத்த ஆரம்பிக்கணும். நெறைய லிபரோக்கள் பின்னாடியே நின்னு அழகா பாஸ் குடுத்துட்டு இருந்துடுவாங்க. ஸாமர் அப்படி இல்ல, பால பறிச்ச அடுத்த செகண்டே அவரே தூக்கிட்டு முன்னாடி ஓடுவாரு. எதிர் டீம் மிட்ஃபீல்டர்ஸ் எல்லாம் ஏற்கனவே ஆளாளுக்கு ஒருத்தர பிடிச்சு நிக்கிறாங்க, பின்னாடி இருந்து எக்ஸ்ட்ரா ஒருத்தன் வேகமா வரான், அவன யாரு பிடிக்கிறது? யாராவது ஒருத்தர் தன் ஆள விட்டுட்டு வரணும், வந்தா அந்த ஆள் ஃப்ரீ. மிட்ஃபீல்டுலயும் ஸ்ட்ரைக்கராவும் ஆடி பழகுன காலு இருந்ததாலதான் இது அவரால முடிஞ்சுது, வெறும் டிஃபெண்டரா வளந்தவங்களுக்கு அந்த இடத்துக்கு போனா அடுத்து என்ன பண்றதுன்னே தெரியாது.

இதுக்கு 1996ல நடந்த ஐரோப்பிய நாடுகளோட கப், அதாவது யூரோ 96தான் சாட்சி. ரஷ்யா மேட்ச், ரெண்டாவது பாதி வரைக்கும் கோல் இல்ல, இவரு பின்னாடி இருந்து ஓடி வந்து ஷூட் பண்றாரு, கீப்பர் தடுத்துட்டாரு, திரும்பி வந்த பால அவரே உள்ள தட்டுறாரு. 3-0ன்னு முடிஞ்சுது. காலிறுதில குரோயேஷியா, 1-1ன்னு இருக்கு, அப்போதான் அவங்கள்ல ஒருத்தருக்கு ரெட் கார்டு, பத்து பேரு ஆயிட்டாங்க. ரெண்டே நிமிஷத்துல வலது பக்கத்துல இருந்து ஒரு க்ராஸ், பெனால்டி பாக்ஸுக்குள்ள கரெக்டான எடத்துல நின்னு வின்னிங் கோல் போடுறது யாருன்னா டீமோட கடைசி டிஃபெண்டர்! யோசிச்சு பாருங்க, எல்லாருக்கும் பின்னாடி நிக்க வேண்டிய ஆளு. ஃபைனல்ல செக் டீமுக்கு ஒரு பெனால்டி குடுத்தாங்க, அதுக்கு காரணமான ஃபவுலும் இவருதான் பண்ணாரு, ரீப்ளேல பாத்தா அது பாக்ஸுக்கு வெளிய நடந்தது நல்லா தெரியும், ஆனா ரெஃப்ரி குடுத்துட்டாரு. ஜெர்மனி ஸ்ட்ரைக்கர் பியர்ஹோஃப் ரெண்டு கோல் போட்டு காப்பாத்துனாரு, கப் ஜெர்மனிக்கு, டோர்னமென்ட்டோட பெஸ்ட் பிளேயர் ஸாமர்.

சரி, பாலன் டோர் நியாயமா? என்னைய கேட்டா நியாயம்தான். ஓட்டு கணக்கு பாத்தீங்கன்னா ஸாமர் 144, ரொனால்டோ 143, ஒரே ஒரு பாயின்ட். அப்போ ஓட்டு போடுறது ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் பத்திரிகைக்காரங்க. ரொனால்டோ அந்த வருஷம் ஆரம்பத்துல நெதர்லாந்து கிளப் பி.எஸ்.வி.ல முழங்கால் பிரச்சனையால நெறைய மேட்ச் ஆடல, பார்சிலோனா வந்து பேய் மாதிரி ஆடுனது கடைசி சில மாசம்தான், அந்த சீசனோட மீதி பாதி 1997ல வருது, அந்த வருஷம் அவார்டும் அவருக்கே குடுத்தாங்க. ஸாமர் 1996ல புண்டெஸ்லிகாவும் யூரோவும் ஜெயிச்சாரு. திறமைல ரொனால்டோ மேலயான்னு கேட்டா ஆமா, மேலதான், சந்தேகமே இல்ல, ஆனா அவார்டு அந்த ஒரு வருஷத்துக்கு. அதுக்கப்பறம் இன்னைக்கு வரைக்கும் ஆம்பளைங்க அவார்ட வேற எந்த ஜெர்மன் பிளேயரும் வாங்கல, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

1997ல மியூனிக்ல யுவென்டஸ 3-1ன்னு அடிச்சு சாம்பியன்ஸ் லீக், கேப்டன் இவருதான். சில மாசம் கழிச்சு முழங்கால் ஆபரேஷன், அதுல இன்ஃபெக்ஷன் ஆகிடுச்சு, அவ்ளோதான், 30 வயசுல ஆட்டம் முடிஞ்சுது. இத நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு, லிபரோ பொறுமையா இன்னும் நாலஞ்சு வருஷம் ஆடுற பொசிஷன்.

இப்போ கோச்சிங். 2000ல டார்ட்முண்ட் ரெலிகேஷன், அதாவது கீழ் லீகுக்கு இறங்குற நிலைமை பக்கத்துல போய் நிக்குது, பெரியவர் உடோ லாட்டெக்க கடைசி அஞ்சு மேட்சுக்கு கூட்டிட்டு வராங்க, கூட துணைக்கு ஸாமர். டீம் தப்பிச்சுது, அடுத்த சீசன்ல இருந்து ஸாமரே ஹெட் கோச். 2002ல லெவர்கூசன் மூணு மேட்ச் மீதி இருக்கும்போது அஞ்சு பாயின்ட் லீடு, அத கோட்டை விட்டாங்க, கடைசி நாள் டார்ட்முண்ட் பிரேமன் கூட 1-0 பின்னாடி இருந்து 2-1ன்னு ஜெயிக்குது, சப்ஸ்டிட்யூட்டா உள்ள அனுப்புன ஈவர்டன் வந்ததும் வராததுமா வின்னிங் கோல். 34 வயசு, அதுவரைக்கும் புண்டெஸ்லிகா ஜெயிச்ச கோச்லயே இவருதான் சின்னவரு. நாலு நாள் கழிச்சு யுவேஃபா கப் ஃபைனல், ராட்டர்டாம்ல ஃபெயனூர்ட் அவங்க சொந்த கிரவுண்டுலயே ஆடுறாங்க, டார்ட்முண்ட் டிஃபெண்டர் யூர்கன் கோலருக்கு ரெட் கார்டு, 3-2ன்னு தோத்துட்டாங்க.

அப்பறம் டார்ட்முண்டுக்கு கடன் கழுத்த நெரிச்சுது, 2003ல சாம்பியன்ஸ் லீக் குவாலிஃபையர்ல பெல்ஜியம் கிளப் ப்ரூக் கிட்ட பெனால்டில தோத்தாங்க, 2004ல இவரு வெளிய வந்துட்டாரு. ஸ்டுட்கார்ட்ல ஒரு சீசன், அஞ்சாவது எடம், அனுப்பிட்டாங்க. அவ்ளோதான் கோச்சிங். ஆனா காணாம போகல! 2006ல ஜெர்மன் ஃபுட்பால் அசோசியேஷன்ல ஸ்போர்ட்டிங் டைரக்டர் ஆனாரு, ஜூனியர் டீம் எல்லாம் அவர் பொறுப்பு. 2008ல அண்டர் 19, 2009ல அண்டர் 17, அண்டர் 21, மூணு யூரோவும் ஜெர்மனி அடிச்சுது. அந்த அண்டர் 21 டீம்ல யாரெல்லாம்னா நோயர், ஹம்மல்ஸ், போட்டெங், ஹோவெடெஸ், ஓசில், கெதிரா. 2014 வேர்ல்டு கப் ஃபைனல்ல இதுல அஞ்சு பேரு ஸ்டார்ட் பண்ணாங்க, கெதிரா வார்ம் அப்ல அடிபட்டதால ஆடல. எல்லா பெருமையும் இவருக்கேன்னு சொல்ல மாட்டேன், அகாடமி வேலை எல்லாம் 2000 யூரோ தோல்விக்கு அப்பறமே ஆரம்பிச்சாச்சு, அந்த அண்டர் 21 டீமோட கோச் ஹ்ருபெஷ். ஆனா சின்ன பசங்க டோர்னமென்ட்டும் ஜெயிக்கத்தான் ஆடணும்னு விடாப்பிடியா நின்னவரு ஸாமர். அப்பறம் 2012ல இருந்து பயர்ன் மியூனிக் கிளப்ல, ஹைன்கெஸ் கோச்சா இருந்து மூணு கப் அடிச்ச அந்த சீசன்ல நிர்வாகத்துல இவரு இருந்தாரு, 2016ல உடம்பு சரியில்லாம விலகுனாரு, 2018ல ஆலோசகரா திரும்ப டார்ட்முண்ட்.

அவரு ஆட்டத்த பாக்கணும்னு தோணுச்சுன்னா யூரோ 96 குரோயேஷியா மேட்ச எடுங்க, ஹைலைட்ஸ் வேணாம், அதுல அந்த ஒரு கோல் மட்டும்தான் வரும், ஃபுல் மேட்ச் போட்டு பால விட்டுட்டு அவர மட்டும் இருபது நிமிஷம் பாருங்க. அடுத்த கேள்விக்கு போவோம்.