ரோஸ்வுட் எண்ணெய் வாங்கும் முன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ரோஸ்வுட் எண்ணெயைப் பற்றிப் பேசலாம். இதோ என் கையில் இருக்கிறது, 10 மில்லி பாட்டில். ஒரு காகிதத் துண்டில் ஒரே ஒரு சொட்டு விடுகிறேன், பாருங்கள், எண்ணெய் என்று சொன்னாலும் பிசுபிசுப்பு கிடையாது, தண்ணீர் மாதிரி ஓடுகிறது. முகர்ந்தால் முதலில் பூவின் இனிப்பு, அதற்கு அடியில் அப்போதுதான் இழைத்த மரத்தின் வாசம், கடைசியில் லேசாக ஒரு காரம், மிளகு நுணுக்கும்போது வருமே, அது.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் ரோஸ்வுட் என்றால் ஈட்டி மரம், பழைய வீடுகளில் கட்டில், பீரோ எல்லாம் செய்தது. இந்த எண்ணெய் அதிலிருந்து வருவதில்லை. இது அமேசான் காட்டில் வளரும் வேறொரு மரம், அறிவியல் பெயர் அனிபா ரோசியோடோரா, நம் லவங்கப்பட்டை மரத்தின் குடும்பம். பிரேசிலில் பாவ் ரோசா என்பார்கள். ஈட்டியிலிருந்து எடுத்தது என்று யாராவது சொல்லி விற்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

வாசனைக்குக் காரணம் லினலூல் என்ற வேதிப்பொருள். எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல் பெரும்பாலும் அதுதான் இருக்கும். கொத்தமல்லி விதையின் எண்ணெயிலும் அதிகம் இருப்பது இதே லினலூல். சமையலறைக்குப் போய் நாலு தனியாவை வறுக்காமல் நசுக்கி முகர்ந்து பாருங்கள், இந்த பாட்டிலுக்குள் இருக்கும் வாசனையில் ஒரு பங்கு உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

அமேசான் பக்கத்து மக்களுக்கு இந்த மரம் ரொம்ப நாள் பழக்கம். பிரேசிலின் பெலேம் நகரத்தில் வேர்-ஓ-பேசோ என்று பெரிய சந்தை இருக்கிறது. அங்கே வாசனை வேர்களோடு பாவ் ரோசா சீவலையும் சேர்த்துச் சின்னப் பொட்டலமாகக் கட்டி விற்பார்கள், துணிகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ள. ஜூன் மாதத்தில் வரும் புனித யோவான் திருநாளுக்கு வாசனைத் தண்ணீரில் குளிப்பதும் அந்த ஊர் வழக்கம்.

அந்த அளவோடு நின்றிருந்தால் மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு கயானாவில் இதை வடிக்க ஆரம்பித்தார்கள், பாரிஸ் வாசனைத் திரவியக்காரர்களுக்கு அவ்வளவு பிடித்துப் போனது, 1921-இல் வந்த ஷனேல் நம்பர் 5 என்ற புகழ்பெற்ற சென்ட்டில்கூட இது சேர்ந்தது என்பார்கள். கயானாவில் கைக்கு எட்டிய மரங்கள் தீர்ந்ததும் பிரேசில் காட்டுக்குள் போனார்கள். ஒரு டன் மரத்தைச் சீவி நீராவியில் வடித்தால் கிடைப்பது சுமார் 10 கிலோ எண்ணெய், அவ்வளவுதான். அதற்காக முழு மரத்தையும் சாய்த்தார்கள், சில இடங்களில் வேரையும் தோண்டி எடுத்தார்கள், மெதுவாக வளரும் மரம் எப்படித் தாங்கும்? செயற்கை லினலூல் மலிவாக வந்த பிறகுதான் தேவை குறைந்தது. இன்றைக்கு அது அழிவின் விளிம்பில் உள்ள மரங்களின் பட்டியலில் இருக்கிறது, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் கட்டுப்பாடும் 2010-இலிருந்து உண்டு, மரமோ எண்ணெயோ பிரேசிலை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். இவ்வளவு நல்ல வாசனைக்காக ஒரு மரத்தையே இல்லாமல் ஆக்கப் பார்த்தார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் நல்ல செய்தியும் இருக்கிறது. மரத்தை வெட்டத் தேவையே இல்லை! இலையிலும் சிறு கிளையிலும் இதே எண்ணெய் இருக்கிறது, பிரேசிலில் லாரோ பராட்டா என்ற வேதியியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்து எடுத்துச் சொன்னார். தோட்டத்தில் நட்டு, கிளையைக் கவாத்து செய்து வடித்தால் மரம் திரும்பத் துளிர்க்கும். வாசனை கொஞ்சம் வேறுபடும், கட்டை எண்ணெயில் இருக்கும் அந்த ஆழம் இலையில் சற்றுக் குறைவு, ஆனால் நான் இலை எண்ணெய் பக்கம்தான்.

இப்போது எப்படிப் பயன்படுத்துவது என்று பார்க்கலாம். சோப்பு, கிரீம், அரோமாதெரபி எல்லாவற்றிலும் இது இருக்கிறது. வீட்டில் தோலுக்கு என்றால் 30 மில்லி நல்லெண்ணெய்க்கோ தேங்காய் எண்ணெய்க்கோ 6 சொட்டு, அதற்கு மேல் வேண்டாம், முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். குடிக்கவே கூடாது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தை உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். மன அழுத்தம் போகும், சுருக்கம் மறையும் என்று எழுதியிருப்பதையெல்லாம் நம்பிக் காசைக் கொட்டாதீர்கள், மனசுக்கு இதமாக இருக்கும், அதுவரை சரி. அப்புறம் முக்கியமான ஒன்று, லினலூல் காற்றுபட்டால் மாறிவிடும், அப்படி மாறியது தோலில் ஒவ்வாமை தரும். அதனால் அடர்நிற பாட்டில், இறுக்கமான மூடி, முடிந்தால் ஃப்ரிட்ஜ். ரொம்ப நாள் திறந்து கிடந்த பாட்டிலைத் தோலில் தடவவே வேண்டாம்.

வாங்கும்போது பாட்டிலின் பின்பக்கம் மூன்று விஷயம் தேடுங்கள்: அறிவியல் பெயர், எந்த நாடு, இலையா கட்டையா. வெறும் ரோஸ்வுட் என்று போட்டு, நூறு இருநூறு ரூபாய்க்குக் கொடுத்தால் அது செயற்கை லினலூலாகவோ, கற்பூர மர வகையிலிருந்து எடுக்கும் ஹோ வுட் எண்ணெயாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். ஹோ வுட் கெட்டது இல்லை, அதிலும் லினலூல் நிறைய, வாசனையும் கிட்டத்தட்ட இதேதான். அதை ஹோ வுட் என்று சொல்லியே விற்கிறவரிடம் தாராளமாக வாங்குங்கள்.