தோப்பில் கண்டதைச் சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

1960களில் திருச்சி வானொலி ஆடுதுறை 27 நெல்லைப் பற்றித் தொடர்ந்து பேசியது. தஞ்சை விவசாயிகள் கேட்டார்கள், பயிரிட்டார்கள். ‘ரேடியோ நெல்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அன்று செய்தி வானொலியிலிருந்து வயலுக்குப் போனது. பூச்சி, நோய் விஷயத்திலோ செய்தி வயலிலிருந்துதான் கிளம்ப வேண்டும். அதை உங்களிடம் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை வைத்திருப்பவர்களுக்கு ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பூச்சி அது. இந்தியாவில் 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்டது. தானாகப் பறந்து இவ்வளவு தூரம் வந்துவிடாது. கன்றிலும் ஓலையிலும் ஒட்டிக்கொண்டு, லாரி ஏறி ஊர் ஊராகப் போகும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் மறுபடி நட எத்தனை கன்றுகள் தேவைப்பட்டன என்பது உங்களுக்கே தெரியும். இனியாவது கன்று வாங்கும்போது எந்த ஊர் நாற்றங்கால் என்று கேளுங்கள். ஓலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

தோப்பில் எங்கே பார்ப்பது? அடி மட்டைகளில், ஓலையின் கீழ்ப்புறத்தில். கைரேகை போலச் சுருள் சுருளாக வெள்ளை மெழுகு படிந்திருந்தால், அங்கே முட்டை இருக்கிறது. பூச்சி கழிக்கும் இனிப்பு நீர் கீழே உள்ள ஓலையில் சொட்டும், தொட்டால் பிசுபிசுக்கும். அதன்மேல் கரும்பூசணம் படரும். பெரும்பாலும் ஓலை கறுத்த பிறகுதான் நமக்குக் கண்ணில் படுகிறது. நீங்கள் தகவல் சொல்ல வேண்டிய நேரம் அதற்கு முன்பு, சுருள் வெள்ளையாக இருக்கும்போதே. ஊடுபயிராக வாழை இருந்தால் அதன் இலையையும் திருப்பிப் பாருங்கள்.

இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெளிறிய கூட்டுப்புழுக்களுக்கு நடுவே சில கறுத்துப் போயிருக்கும். அவற்றுக்குள் என்கார்சியா என்ற மிகச் சிறிய குளவி வளர்கிறது, அல்லது வளர்ந்து துளையிட்டு வெளியேறிவிட்டது. வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். அதனால் ‘வெள்ளை ஈ இருக்கிறது’ என்று சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். கறுத்த கூடுகள் நிறைய இருக்கின்றனவா, ஒன்றுமே இல்லையா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கறுத்த கூடு நிறைய உள்ள தோப்பிலிருந்து ஓலைத் துண்டுகளை எடுத்து, குளவி இல்லாத தோப்பில் கட்டிவிடலாம். அப்புறம் ஆமணக்கு எண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி, ஓலையின் அடியில் படும்படி தண்ணீர் பீய்ச்சுவது, கரும்பூசணத்துக்கு மைதா பசை எல்லாம் உதவும்.

2008இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது நினைவிருக்கும். பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. இன்ன பூச்சி என்று அடையாளம் கண்ட பிறகுதான் அதன் இயற்கை எதிரி எது என்று தேட முடிந்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்டார்கள், பூச்சி அடங்கியது. ஒரு மாதிரி ஆய்வுக்கூடம் போய்ச் சேர்வதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது பாருங்கள்.

வாழைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கேவண்டிஷ் ரகங்களையும் தாக்கும் புதுவகை வாடல் நோய் பீகாரில் கண்டறியப்பட்டிருக்கிறது. அந்தப் பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். பக்கக்கன்றோடும், மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடும் அடுத்த கொல்லைக்குப் போகும். இலை மஞ்சளாகி, தண்டை ஒட்டி மடிந்து தொங்கினால் மரத்தை வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பழுப்புக் கோடுகள் ஓடினால் அந்தக் கொல்லையிலிருந்து கன்று எடுக்காமல் உடனே தகவல் சொல்லுங்கள். தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திருச்சியிலேயே இருக்கிறது.

நெல்லுக்கு வருவோம். புகையான் என்ற பூச்சி தூரின் அடியில், தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும். வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது. வட்டம் வட்டமாகப் பயிர் காய்ந்து தெரியும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். வாரம் ஒருமுறை வயலுக்குள் இறங்கி, தூரை விலக்கிப் பாருங்கள். பூச்சி இல்லையென்றால் ‘பார்த்தேன், இல்லை’ என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் மாநில வரைபடத்தில் ஒரு ஊர் வெறுமையாக இருந்தால், அங்கே பூச்சி இல்லையா, பார்க்க ஆள் இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ‘இல்லை’ என்று பதிந்த ஊர்கள் இருந்தால்தான் பூச்சி எந்தத் திசையிலிருந்து, எந்த வாரம் நகர்ந்தது என்று கணிக்க முடியும்.

பதிவு செய்யக் கைப்பேசிச் செயலிகள் இருக்கின்றன. 2024இல் மத்திய அரசு தேசிய அளவில் பூச்சிக் கண்காணிப்பு முறை ஒன்றையும் தொடங்கியது. செயலி பழக்கமில்லையா, சரி, உங்கள் உதவி வேளாண்மை அலுவலரிடம் சொல்லுங்கள். ஊர், பயிரின் வயது, பார்த்த தேதி, எத்தனை மரம் பார்த்ததில் எத்தனை மரத்தில் பூச்சி இருந்தது என்ற கணக்கு, இவ்வளவு போதும். படம் எடுத்தால் இலையின் இரண்டு பக்கத்தையும் எடுங்கள். மருந்து அடிப்பதற்கு முன்பே எடுங்கள்.

மாதிரி கேட்டால் ஓலையைத் திறந்தபடி வண்டியில் வைத்துக்கொண்டு நாலு தோப்பைக் கடந்து போகாதீர்கள். காகிதத்தில் சுற்றி, உறையில் போட்டு, வாயை நன்றாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுங்கள். வணக்கம்.