மூன்றாவது சத்தம் என் காலில் இல்லை, ஷூவில் இருந்தது!

வணக்கம், எல்லோருக்கும். புது டேப் ஷூ வந்துவிட்டது! டேப் நடனத்துக்கான ஷூ, தரையில் தட்டினால் சத்தம் வர அடியில் முன்னாலும் குதியிலும் உலோகத் தகடு இருக்கும். இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன். கறுப்புத் தோல், லேஸ் கட்டுவது, குதிகால் ஏறக்குறைய ஓர் அங்குலம். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று நாளாக இதைக் கழற்ற மனசே வரவில்லை.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு என் ஷஃபிள் தகராறு தெரியும். ஷஃபிள் என்றால் பாதத்தின் முன்பகுதியால் தரையை முன்னால் ஒரு தட்டு, பின்னால் ஒரு தட்டு. இரண்டே சத்தம் வர வேண்டும். எனக்கு மூன்று வந்தது. நடுவில் ஒரு 'டக்'. மெதுவாகச் செய்தாலும் டக், வேகமாகச் செய்தாலும் டக். கணுக்கால் இறுகிப்போயிருக்கிறது, பெரியவர்களாகி ஆரம்பித்தால் இப்படித்தான் என்று போன வீடியோவில் சொல்லியிருந்தேன். அதை வாபஸ் வாங்குகிறேன்.

ஒரு நாள் போனைத் தரையிலேயே வைத்து ஸ்லோ மோஷனில் எடுத்தேன். பார்த்தால், நான் காலைத் தூக்கும்போது என் குதிகால் மேலே போகிறது, ஷூவின் குதி மேலே வரவில்லை! ஒரு விரல் அளவு தொங்குகிறது. தொங்கிய குதித் தகடு தரையில் பட்டு டக். இந்த ஒரு விரல் இடைவெளிக்காக ஆறு வாரம் கணுக்கால் பயிற்சி செய்திருக்கிறேன். சந்தேகம் தீர, ஷூவுக்குள் இன்னொரு உள்தாள் போட்டு, இரண்டு ஜோடி சாக்ஸ் மாட்டி, லேஸை இறுக்கிக் கட்டினேன். சத்தம் போய்விட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் பாதி, கோபம் பாதி.

கோபம் ஏன் என்றால், பழைய ஷூவை ஒரு சைஸ் பெரிதாக வாங்கச் சொன்னது விற்றவர்தான். பெரியவர்கள் கால் வீங்கும், கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்றார். நடைக்குப் போகும் ஷூவுக்கு அது சரி. டேப் ஷூவுக்குச் சுத்தமாகப் பொருந்தாது. இது ஒரு வாத்தியம். கையில் பிடிக்காத மத்தளத்தை எப்படி வாசிப்பது?

சரி, எப்படிப் பொருந்த வேண்டும்? கட்டைவிரலுக்குக் கீழே ஒரு மேடு இருக்கிறதே, அது முன் தகட்டுக்கு நேர் மேலே உட்கார வேண்டும். ஷூ பெரிதாக இருந்தால் அந்த மேடு தகட்டுக்குப் பின்னால் விழும், அடிக்கும் பலம் தகட்டுக்குப் போகாது. விரல்கள் நுனியைத் தொடும் அளவுக்கு நெருங்கலாம், மடங்கக் கூடாது. போட்டுக்கொண்டு குதியைத் தூக்கி நில்லுங்கள். பாதம் மடங்கும் இடத்திலேயே ஷூவும் மடங்குகிறதா, குதி நழுவுகிறதா என்று பாருங்கள். தோல் என்றால் நாளாக நாளாக அகலத்தில் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். செயற்கைத் தோல் பெரும்பாலும் அந்த அளவுக்கு இளகாது, முதல் நாள் கடித்தால் பிறகும் கடிக்கும்.

ஆ, ஒன்று விட்டுவிட்டேன். மாலையில் போட்டுப் பாருங்கள். கால் வீங்கும் என்று அவர் சொன்னது பொய் இல்லை. அதற்கு மருந்து பெரிய சைஸ் இல்லை, மாலை நேரம். வகுப்புக்குப் போடும் அதே சாக்ஸையும் கையோடு கொண்டுபோங்கள்.

அடிப்பாகம் முழுசாக இருக்க வேண்டுமா, நடுவில் பிரிந்த 'ஸ்ப்ளிட் சோல்' வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். என் கட்சி முழு சோல்தான். பிரிந்தது நன்றாக வளையும், பாதம் அழகாகத் தெரியும், உண்மை. ஆனால் ஆரம்பத்தில் பாதத்தின் நடுவுக்குத் தாங்கல் வேண்டும், அது முழு சோலில்தான் கிடைக்கிறது. ரிப்பன் வைத்து முடிச்சுப் போடும் வகை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பாட்டு நடுவில் அவிழும். லேஸ் போல இறுக்கிப் பிடிக்க வேறு எதனாலும் முடியாது. உயரமான குதியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், எடை முன்னால் சரியும். கபேசியோ என்ற நடன ஷூ நிறுவனத்தின் கே360 மாதிரி கனமான ஷூவைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. ஃப்ளாப், பால் சேஞ்ச் என்ற அடிப்படை அடவுகள் களைக்காமல் வரட்டும், அதன் பிறகு அந்தக் கனத்தை யோசிக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, தகடு. ஷூவைக் கவிழ்த்துப் பாருங்கள். தகடு ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கிறதா, ரிவெட் அடித்திருக்கிறதா? ரிவெட் என்றால் வேண்டாம், எதையும் சரிசெய்ய முடியாது. என் ஷூவில் நான்கு தகடு, தகட்டுக்கு மூன்று, மொத்தம் 12 ஸ்க்ரூ. கொஞ்சம் தளர்த்தினால் சத்தம் கலகலவென்று வரும், முடுக்கினால் கறாராக வரும். ரொம்பத் தளர்ந்தால் ஸ்க்ரூத் தலை வெளியே வந்து தரையைக் கீறிவிடும், அதனால் வாரம் ஒரு முறை பார்க்கிறேன். வெறிபிடித்த மாதிரி முடுக்கவும் கூடாது. பழைய ஜோடியில் அப்படிச் செய்து துளை பெரிதாகி, ஸ்க்ரூ சும்மா சுற்றியது. பல் குத்தும் குச்சியைப் பசையில் தோய்த்துத் துளைக்குள் விட்டு, காய்ந்ததும் மறுபடி முடுக்கினேன். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது! அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

தகட்டின் விளிம்பையும் பார்க்க மறக்காதீர்கள். நுனியில் சோல் தகட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், கால் நுனியால் குத்தும்போது மொத்தென்றுதான் கேட்கும். வழுக்கும் என்று பயந்தால் முன் தகட்டுக்குப் பின்னால் மெல்லிய ரப்பர் ஒட்டச் சொல்லலாம். அது தகட்டைவிடத் தடிமனாக இருக்கக் கூடாது, சத்தத்தை விழுங்கிவிடும்.

முக்கியமான ஒன்று. இந்த அழகான தகடுகளோடு டைல்ஸிலோ சிமென்ட்டிலோ ஆடாதீர்கள். தகடும் தேயும், முழங்காலும் வலிக்கும். என் ப்ளைவுட் பலகை வீடியோ ஏற்கனவே இருக்கிறது. தகடெல்லாம் வருவதற்கு முன்னால் மர சோலிலேயே ஆடியிருக்கிறார்கள். புகழ்பெற்ற அமெரிக்க டேப் கலைஞர் பில் 'போஜாங்கிள்ஸ்' ராபின்சன் மர சோல் ஷூவில்தான் படிக்கட்டில் ஏறி இறங்கி ஆடினார். அவர் பிறந்த மே 25தான் அமெரிக்காவில் தேசிய டேப் நடன நாள், 1989இல் சட்டமானது. நம் சேனலிலும் அன்றைக்கு ஏதாவது செய்யலாம், என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.

சரி, மைக்கைப் பலகைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். வலது கால் ஷஃபிள், எட்டு முறை. எண்ணிக்கொண்டே கேளுங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டே சத்தம்.