கரையேறிய பிறகு மூச்சை எண்ணுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிற மருத்துவர். ஒரே ஒரு கேள்வியைப் பற்றிப் பேசத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். ஒருவர் தண்ணீரில் தத்தளித்து மூழ்கப் பார்த்தார். யாரோ இழுத்துக் கரையில் போட்டுவிட்டார்கள். இருமினார், கண் திறந்தார், இப்போது பேசவும் செய்கிறார். இனி அவரை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டுமா, வீட்டுக்கே போய்விடலாமா?

அந்த நேரத்தில் கரையில் நிற்கிறவர்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். உயிர் பிழைத்துவிட்டான் என்ற நிம்மதி, கூட்டம் கூடிவிட்டதே என்ற கூச்சம், உடம்பை எப்போது துவட்டுவோம் என்ற அவசரம். "ரெண்டு வாய் தண்ணி குடிச்சுட்டான், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிக் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். உண்மையாக இல்லாத சில பேருக்காகத்தான் இந்தப் பேச்சு.

ஒரு மாலை நேரம், 6 வயதுப் பையன் ஒருவனைத் தாத்தா மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று மணி நேரத்துக்கு முன்னால் குளத்தில் கால் வழுக்கி மூழ்கியிருக்கிறான். உடனே தூக்கிவிட்டார்கள். பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். கையில் ஒரு பொம்மைக் கார். தாத்தா சொன்னார்: "சளி பிடிச்ச மாதிரி கொஞ்சம் இருமறான், அவ்வளவுதாம்மா. இவன் அம்மா கேக்கல, அதான் கூட்டிட்டு வந்தேன்." நான், "ஐயா, சட்டையைக் கொஞ்சம் தூக்குங்க" என்றேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்து விழுந்து எழும்பிக்கொண்டிருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் விடைத்து விடைத்து அடங்கியது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு 44. அந்த வயதுப் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும்போது 30-ஐத் தாண்டினாலே அதிகம். சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பையனுக்கு இரவு முழுவதும் ஆக்சிஜன் வைக்கவேண்டியிருந்தது. மூன்றாம் நாள் நன்றாகி வீட்டுக்குப் போனான்.

அவன் முகத்தை மட்டும் பார்த்திருந்தால் நானும் ஏமாந்திருப்பேன். குழந்தைகள் மூச்சு வாங்கிக்கொண்டே விளையாடுவார்கள். ஆகவே, சிரிக்கிறானா, பேசுகிறானா என்பதை அப்புறம் பாருங்கள். முதலில் சட்டையைத் தூக்கி மூச்சைப் பாருங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால், ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது புரியும். நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான குட்டிக் காற்றுப்பைகள் இருக்கின்றன. அவை ஒட்டிக்கொள்ளாமல் விரிந்தே இருப்பதற்காக உட்புறத்தில் மெல்லிய வழவழப்பான பூச்சு ஒன்று உண்டு. மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் அந்தப் பூச்சு கெடுகிறது. பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. பைகளின் சுவரும் புண்பட்டு, உடம்பின் நீரே ரத்தக் குழாயிலிருந்து கசிந்து அவற்றுக்குள் நிரம்பத் தொடங்குகிறது. வாயில் நுரை வருவது இதனால்தான். இதற்குக் குடம் குடமாகத் தண்ணீர் போகவேண்டியதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 3 மில்லிலிட்டர் போதும். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது சில தேக்கரண்டி அளவுதான். கடல் நீரா, நல்ல தண்ணீரா என்று பலர் கேட்பார்கள். நுரையீரலைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே மாதிரிதான் கெடுதல் செய்கின்றன.

இந்தக் கசிவு எல்லாருக்கும் தண்ணீரிலிருந்து தூக்கிய நொடியிலேயே முற்றிவிடுவதில்லை. சிலருக்குச் சில மணி நேரம் பிடிக்கும். எங்கள் பிரிவில் இத்தகையவர்களை 4 முதல் 8 மணி நேரம் வரை கண்காணிப்பில் வைப்பதற்கு இதுதான் காரணம். அந்த நேரம் மூச்சும் ஆக்சிஜன் அளவும் நன்றாகவே இருந்துவிட்டால் தைரியமாக வீட்டுக்கு அனுப்புவோம்.

சரி, யார் கட்டாயம் போகவேண்டும்?

யோசிக்கவே இடமில்லாத சிலரை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கணமாவது நினைவு தப்பியவர். மூச்சு நின்று, வாயோடு வாய் வைத்து ஊதியோ நெஞ்சை அழுத்தியோ மீட்கப்பட்டவர். வாயிலோ மூக்கிலோ நுரை வந்தவர். உதடும் நகமும் நீலம் பாரித்தவர். பேச்சு குழறுகிறவர், பெயரைக் கேட்டால் விழிக்கிறவர், காரணமில்லாமல் தூங்கி விழுகிறவர். இவர்களுக்கெல்லாம் உடனே ஆம்புலன்ஸ். எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமில்ல, விடுங்க" என்று அவரே சொன்னாலும் விடாதீர்கள். மூளைக்கு ஆக்சிஜன் குறைந்திருக்கும்போது அவர் சொல்வதை வைத்து முடிவு எடுக்க முடியாது.

அடுத்து, இருமல். தொண்டையில் புரை ஏறினால் எல்லாருக்கும் இருமல் வரும். ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். மூழ்கி எழுந்தவருக்கும் அப்படி அடங்கி, மூச்சு சீராகி, பழைய கலகலப்பும் வந்துவிட்டால் வீட்டில் வைத்துக் கவனிக்கலாம். ஆனால் ஐந்து பத்து நிமிடம் ஆன பிறகும் விட்டுவிட்டு இருமிக்கொண்டே இருந்தால், மூச்சு விடும்போது கொரகொரவென்றோ விசிலடிப்பது போலவோ சத்தம் வந்தால், நெஞ்சு வலிக்கிறது என்றால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், கிளம்பிவிடுங்கள். நடந்து போகிற நிலையில் இருக்கிறாரே என்று காத்திருக்க வேண்டாம்.

பிரேசில் நாட்டு மருத்துவர் டேவிட் ஸ்பில்மன் 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதில் எனக்குப் பெரிய வழிகாட்டி. ரியோ டி ஜெனிரோ கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் தூக்கிய 41,279 பேரின் விவரங்களை அவர் எடுத்துப் பார்த்தார். மருத்துவ உதவி தேவைப்பட்டவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. அவர்களில் 1,831 பேரை ஆறு படிகளாகப் பிரித்தார். இருமல் மட்டும் இருந்து, ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டால் நுரையீரல் சுத்தமாக இருந்தவர்கள் 1,189 பேர். அவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. நுரையீரலில் லேசாகச் சத்தம் கேட்டவர்களில் இறந்தவர்கள் 0.6 சதவீதம். நுரையீரல் முழுக்க நீர் கோத்துக்கொண்டவர்களில் 5.2 சதவீதம். அதோடு ரத்த அழுத்தமும் விழுந்துவிட்டால் 19.4. மூச்சு நின்றுபோயிருந்தால் 44. இதயமும் நின்றுவிட்டிருந்தால் 93.

இந்த எண்களை நான் இரண்டு விதமாகப் படிக்கிறேன். இருமி முடித்து, மூச்சு சீரானவரைப் பற்றி இரவெல்லாம் நடுங்க வேண்டாம். அதே சமயம், முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் இருக்கிற வித்தியாசம் ஸ்டெதாஸ்கோப்புக்குத்தான் தெரியும். வெறும் காதுக்கு இரண்டும் இருமல்தான். அதனால்தான் இருமல் நிற்காதவரை ஒரு மருத்துவர் நெஞ்சில் வைத்துக் கேட்டே ஆகவேண்டும் என்கிறேன்.

இங்கே ஒரு பயத்தைப் பற்றியும் பேசவேண்டும். முழுக்க நன்றாக இருந்த குழந்தை, ஒரு வாரம் கழித்துத் தூக்கத்தில் திடீரென்று இறந்துபோனதாகச் செய்திகள் செல்பேசியில் சுற்றும். 'உலர் மூழ்கல்', 'இரண்டாம் கட்ட மூழ்கல்' என்று அதற்குப் பெயரும் வைத்திருப்பார்கள். மருத்துவ உலகம் இந்தப் பெயர்களைக் கைவிட்டு வெகு காலமாகிவிட்டது. 2002-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலக மாநாட்டில், தண்ணீரில் அமிழ்ந்து மூச்சு தடைபடுகிற நிகழ்வு முழுவதற்கும் மூழ்கல் என்ற ஒரே பெயர் போதும் என்று முடிவு செய்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்டது. நாம் மூழ்கிவிட்டான் என்றால் இறந்துவிட்டான் என்று எடுத்துக்கொள்கிறோம், பிழைத்தால் ஒன்றும் ஆகவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். நடுவில் ஒரு பெரிய பரப்பு இருக்கிறது, என் நோயாளிகள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான்: எந்த அறிகுறியுமே இல்லாமல் நாட்கணக்கில் இருந்துவிட்டுத் தண்ணீரால் திடீரென்று யாரும் இறப்பதில்லை. கெடுகிறது என்றால் முதல் சில மணி நேரத்துக்குள் அடையாளம் காட்டும். அந்த அடையாளத்தை, களைப்பு என்றோ சளி என்றோ நாம் கடந்துபோய்விடுவதில்தான் ஆபத்து.

ஆகவே, வீட்டில் வைத்துப் பார்க்க முடிவு செய்தால் உண்மையிலேயே பார்க்கவேண்டும். அடுத்த 8 மணி நேரம் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். மணிக்கு ஒரு தடவை மூச்சை எண்ணுங்கள். அழும்போதோ ஓடி வந்த உடனேயோ எண்ணினால் கணக்கு தப்பாகிவிடும். மடியில் அமைதியாக இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40, அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 30. இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ கிளம்புங்கள். பெரியவர்களுக்கு 20-ஐத் தாண்டிவிட்டு இறங்காமல் இருந்தால் அதுவும் சரியில்லை. விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டர் இருந்தால் மாட்டிப் பாருங்கள். 95-க்குக் கீழே போனால் போகவேண்டும். ஆனால் தண்ணீரில் விறைத்த குளிர்ந்த விரலில் அது தப்பாகக் காட்டும். விரலைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். மீட்டர் நல்ல எண் காட்டி, கண் முன்னால் மூச்சு வாங்குகிறது என்றால், கண்ணை நம்புங்கள்.

தூங்க விடலாமா என்று எல்லாத் தாய்மார்களும் கேட்கிறார்கள். அவன் வழக்கமாகத் தூங்கும் நேரம் என்றால், மூச்சு சீராக இருக்கிறது என்றால், தூங்கட்டும். தூக்கத்தில் எண்ணுவது இன்னும் சுலபம். தூங்கவேண்டாத நேரத்தில் துவண்டுபோய், தட்டி எழுப்பினாலும் எழாமல் கிடந்தால், அதைத் தூக்கம் என்று நினைக்காதீர்கள்.

சிலரைப் பொறுத்தவரை நான் இன்னும் சீக்கிரமாகவே, அறிகுறிக்குக் காத்திருக்காமல் வரச் சொல்வேன். கைக்குழந்தைகள், வயதானவர்கள், ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ளவர்கள். அப்புறம், ஏன் மூழ்கினார் என்று தெரியாதவர்கள். இதை யாரும் கேட்பதே இல்லை. நன்றாக நீச்சல் தெரிந்த ஒருவர் ஆழமில்லாத தண்ணீரில் திடீரென்று அடங்கிப்போனால், வலிப்பு வந்திருக்கலாம், இதயத்துடிப்பு தாறுமாறாகியிருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம். தண்ணீர் வெளியே வந்துவிட்டாலும் அந்தக் காரணம் உடம்புக்குள்ளேயே இருக்கும். தலைகீழாகப் பாய்ந்து குதித்தவர் கழுத்து வலிக்கிறது, கை மரத்துப்போகிறது என்றால், கழுத்தை அசைக்காமல் படுக்க வைத்து ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருங்கள். குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கியவரின் மயக்கம் குடியாலா, ஆக்சிஜன் குறைவாலா என்று கரையில் நின்று பிரித்துச் சொல்ல எங்களாலும் முடியாது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் செய்யக்கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, தோளில் போட்டுச் சுற்றுவது. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் வயிற்றிலிருந்து வருகிற தண்ணீருக்கும் நுரையீரலுக்கும் சம்பந்தமில்லை. அமுக்கினால் வயிற்றில் இருப்பதெல்லாம் மேலே வந்து, அதுவே மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மூச்சு இல்லை என்றால் தலையைச் சற்று நிமிர்த்தி, மூக்கைப் பிடித்து, முதலில் வாய் வழியாகக் காற்று ஊதுங்கள். மூழ்கியவருக்குக் குறைந்திருப்பது காற்று. அதனால் பல நாட்டு வழிகாட்டுதல்கள் ஐந்து தடவை ஊதிவிட்டுத்தான் நெஞ்சை அழுத்தத் தொடங்கச் சொல்கின்றன. அதன் பிறகு 30 அழுத்தத்துக்கு 2 ஊதல், உதவி வரும்வரை. நுரை வந்தால் துடைத்துக்கொண்டு நிற்காதீர்கள், அதன் மேலேயே ஊதுங்கள். மூச்சு இருந்து நினைவு மட்டும் இல்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஈரத் துணியைக் கழற்றிவிட்டுப் போர்த்துங்கள்.

மருத்துவமனையில் என்ன பெரிதாகச் செய்துவிடுவார்கள் என்று கேட்டால், பலருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யமாட்டோம். நெஞ்சைக் கேட்போம், ஆக்சிஜன் அளவைப் பார்ப்போம், தேவைப்பட்டால் முகமூடி வழியாக ஆக்சிஜன், எக்ஸ்ரே. எக்ஸ்ரே தொடக்கத்தில் சுத்தமாக இருந்தும் பிறகு மாறுவது உண்டு. ஆகவே, அது நன்றாக இருக்கிறது என்பதற்காக உடனே அனுப்பிவிட மாட்டோம். ஆன்டிபயாட்டிக் எல்லாருக்கும் கொடுப்பதில்லை, அது இல்லையே என்று மனம் குறைப்படாதீர்கள். அந்தச் சில மணி நேரம் உங்கள் பிள்ளையின் மூச்சை ஒருவர் திரும்பத் திரும்ப வந்து பார்க்கிறார் பாருங்கள், நீங்கள் வந்தது அதற்காகத்தான். ஒன்றும் இல்லை என்று தெரிந்து வீட்டுக்குப் போகிறவர்களை, எதற்காக வந்தீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசியாக, அடுத்த சில நாட்கள். உள்ளே போனது அழுக்குத் தண்ணீராக இருந்தாலோ, வாந்தி புரையேறியிருந்தாலோ, ஓரிரு நாள் கழித்து நிமோனியா பிடிக்கலாம். காய்ச்சல், புதிதாக வந்த இருமல், மறுபடியும் வேகமான மூச்சு. அப்படி வந்தால் எந்த மருத்துவரிடம் போனாலும், உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள்: "மூணு நாள் முன்னாடி தண்ணியில மூழ்கப் பார்த்தான்." இருமலோடு வருகிற பிள்ளையிடம் அதை நாங்களாகக் கேட்க எங்களுக்குத் தோன்றாது.

வணக்கம்.