எம்.எஸ்: உறை மட்டும்தான் போகுதா?

வணக்கம் மக்களே. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு ஒரு நரம்பு நோய், சுருக்கமா எம்.எஸ். இதைப் பத்தி யார் பேசினாலும் ஒயர் மேல இருக்கிற பிளாஸ்டிக் உறை உரிஞ்சு போற மாதிரின்னுதான் ஆரம்பிப்பாங்க. தப்பில்ல. நம்ம எதிர்ப்புச் செல்களே மூளைக்குள்ள புகுந்து, ஆக்சானை, அதாவது நரம்புச் செல்லோட சிக்னலைக் கடத்துற நீள இழையைச் சுத்தியிருக்கிற மயலின்ங்கிற உறையைத் தாக்குது. ஆனா அதைக் கேட்டதும், ‘உறைதானே, திரும்ப வளர்ந்துடும்’னு ஒரு நெனப்பு வந்துடுது பாருங்க, அதுதான் எனக்கு இடிக்குது.

1998-ல அமெரிக்காவுல கிளீவ்லாந்து கிளினிக்ல புரூஸ் டிராப்போட குழு, இறந்துபோன 11 எம்.எஸ். நோயாளிங்க மூளைத் திசுவை எடுத்துப் பார்த்தாங்க. அழற்சி மும்முரமா இருந்த இடத்துல, ஒரு கன மில்லிமீட்டருக்குள்ள, கடுகை விடச் சின்ன இடம் அது, சராசரியா 11,000-க்கும் மேல ஆக்சான் அறுந்து கெடக்குது! அறுந்த முனையெல்லாம் உருண்டையா வீங்கியிருக்கு. நோயில்லாத மூளையில அதே அளவு இடத்துல ஒண்ணுகூடத் தேறல. அந்த 11 பேர்ல 27 வருஷம் நோயோட இருந்தவரும் உண்டு, ரெண்டே வாரம் இருந்தவரும் உண்டு. ஆக, இந்தச் சேதம் ஆரம்பத்துலயே நடக்குது.

எப்படி அறுக்குது? மூளையிலயே இருக்கிற எதிர்ப்புச் செல்லுங்களான மைக்ரோகிளியா நைட்ரிக் ஆக்சைடைக் கக்குது. அது ஆக்சானுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவை முடக்கிடுது. இங்க கொஞ்சம் கவனிங்க. உறை போன ஆக்சான் சிக்னலைக் கடத்தறதுக்காக, சோடியம் சேனலை, அதாவது சோடியம் உள்ள வர்ற வாசலை, நீளம் பூரா பரப்பிக்குது. உள்ள வர்ற சோடியத்தை வெளிய தள்ள பம்ப்புக்கு ஏடிபி, அதாவது செல்லோட எரிபொருள், நெறைய வேணும். மைட்டோகாண்ட்ரியாதான் படுத்துடுச்சே! சோடியம் தேங்கினதும், கால்சியத்தை வெளிய அனுப்ப வேண்டிய எக்ஸ்சேஞ்சர் தலைகீழா ஓடி அதை உள்ள இழுக்குது. கால்சியம் ஏறினா கால்பெயின்னு ஒரு என்சைம், ஆக்சானோட உள்சட்டத்தையே நறுக்கிடும்.

எம்.எஸ்.ல கண் நரம்பு பாதிச்சு பார்வை மங்கறதுண்டு. ஸ்டீராய்டு ட்ரிப்ஸ் ஏத்தி, மங்கின கண்ணு சீக்கிரமாத் தெளிஞ்சா வீக்கம் வத்தியிருக்குன்னு அர்த்தம். அறுந்தது ஒட்டல, மிச்சமிருக்கிற ஆக்சானை வெச்சு மூளை சமாளிக்குது. அதனாலதான் ‘நல்லாத்தானே இருக்கேன்’னு சொல்றவங்களுக்கும் நியூராலஜிஸ்ட் சீக்கிரமே மருந்து ஆரம்பிக்கச் சொல்றாங்க. அந்த மருந்துகள் புது அழற்சியை நல்லாவே தடுக்குது. பழைய காயத்தோட விளிம்புல மைக்ரோகிளியா வருஷக்கணக்கா புகைஞ்சுட்டே இருக்கும், அதை அணைக்கத்தான் இன்னும் சரியான மருந்து கைக்கு வரல.