சமையலறைக்கும் சம்பளம் எழுதுவோம்

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறீர்கள். தோப்புக்குள் இரண்டு அறை கட்டி விருந்தாளிகளைத் தங்க வைக்கிறவர்கள் பாதிப் பேர், கட்டலாமா என்று யோசிக்கிறவர்கள் பாதிப் பேர் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தென்னையை மட்டும் நம்பி இருக்க முடியாத நிலைமை நம் எல்லோருக்கும் தெரியும். வேர்வாடல் ஒரு பக்கம், வெள்ளை ஈ ஒரு பக்கம், ஏறி இறங்குகிற காய் விலை இன்னொரு பக்கம். அதனால்தான் இந்த யோசனை நம் வீடுகளுக்குள் வந்தது.

பண்ணைச் சுற்றுலாவில் முன்னேறுவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்தத் தொழிலில் வீட்டு ஆட்கள் செய்கிற வேலைக்கு நாம் கணக்கு எழுதுகிறோமா? மரம் ஏறுபவருக்குக் கூலி எழுதுகிறோம். உரத்துக்கும் டீசலுக்கும் எழுதுகிறோம். விடியற்காலையில் எழுந்து பத்துப் பேருக்குச் சந்தகை பிழிகிற அம்மாவுக்கு எங்கே எழுதியிருக்கிறோம்?

அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். வால்டர் நாட், கார்டேலியா நாட் என்று கணவனும் மனைவியும். 1920-இல் கலிஃபோர்னியாவில் பியூனா பார்க் என்ற ஊரில் 20 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து பெர்ரிப் பழம் போட்டார்கள். அதற்கு முன்னால் பாலைவனத்தில் நிலம் எடுத்துப் பாடுபட்டுத் தோற்றவர்கள். சாலையோரத்தில் ஒரு கடை போட்டுப் பழமும் ஜாமும் விற்றார்கள். ருடால்ஃப் பாய்சன் என்பவர் இனக்கலப்பு செய்து வளர்த்து, அப்புறம் கைவிட்ட ஒரு செடியைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றியவர் இந்த வால்டர்தான். 1930-களின் தொடக்கத்தில் அந்தப் பழத்தை பாய்சன்பெரி என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நல்ல விவசாயி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பண்ணையை ஊரறியச் செய்தது வேறொன்று. நாடே பொருளாதார மந்தத்தில் கிடந்த 1934-ஆம் ஆண்டு ஜூன் மாதம், வருமானம் போதாமல், கார்டேலியா கோழி பொரித்து எட்டுப் பேருக்குச் சாப்பாடு போட்டார். தட்டு எது தெரியுமா? அவருடைய கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள். ஒரு சாப்பாடு 65 சென்ட். சில ஆண்டுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயிரக்கணக்கான சாப்பாடு போகிற அளவுக்கு வளர்ந்தது. சாப்பாட்டுக்குக் காத்திருந்த கூட்டத்துக்குப் பொழுது போக வேண்டுமே என்றுதான் 1940-இல் ஒரு பழங்காலத்துச் சிற்றூரை அமைக்கத் தொடங்கினார்கள்.

பிள்ளைகள் நான்கு பேரும் அந்த வேலைக்குள்தான் வளர்ந்தார்கள். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வால்டரைத்தான் தொழிலதிபர் என்பார்கள், கார்டேலியாவை நன்றாகச் சமைத்த மனைவி என்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. 1934-இல் அந்தக் குடும்பத்தின் புதிய தொழிலைத் தொடங்கியவர் அவர். முதலீடு அவருடைய கை, அவருடைய தட்டு.

இப்போது நம் தோப்புக்கு வருவோம். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரிலிருந்து நாலு பேர் கொண்ட குடும்பம் ஓர் இரவு தங்க வருகிறது. மூன்று வேளைச் சாப்பாட்டோடு 6,000 ரூபாய். ஆன்லைன் புக்கிங் கமிஷன் 15 சதவீதம் என்றால் 900 போய்விடும். மளிகை, காய்கறி, கறி, பால், கேஸ் எல்லாம் சேர்த்து 1,600. அறை சுத்தம் செய்கிற அக்காவுக்கும் துணி வெளுப்பதற்கும் 600. கரண்ட், தேய்மானம், ரிப்பேர் 500. கையில் நிற்பது 2,400. நாம் இதைத்தான் லாபம் என்று சொல்கிறோம்.

இனி வீட்டு ஆட்களின் நேரத்தைச் சேருங்கள். சமையலில் ஒருவர் 9 மணி நேரம், தோப்பைச் சுற்றிக்காட்ட ஒருவர் 4 மணி நேரம், போனுக்கும் வரவேற்பதற்கும் வழியனுப்புவதற்கும் இன்னொருவர் 2 மணி நேரம். மொத்தம் 15. மணிக்கு 80 ரூபாய் போட்டாலே 1,200 ஆகிவிடுகிறது. அப்படியானால் லாபம் 1,200 மட்டும்தான், மீதி நம் கூலி. இந்த நிலையில் சீசன் இல்லாத நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி தருகிறோம். வாடகை 4,800 ஆகிறது, கமிஷனும் கொஞ்சம் குறைந்து 720 ஆகிறது, மற்ற செலவெல்லாம் அப்படியேதான். கூலி போக நிற்பது 180 ரூபாய். கூலியை எழுதாத வீட்டில் இது 1,380 ரூபாய் லாபம் மாதிரித் தெரியும். "பரவாயில்லை, சும்மா கிடப்பதற்கு இது மேல்" என்று இன்னும் கொஞ்சம் குறைத்தும் கொடுப்பார்கள். அந்தத் தள்ளுபடியைக் கொடுக்கிறவர் அடுப்பங்கரையில் நிற்கிறார். அவரைக் கேட்டுக்கொண்டா கொடுத்தோம்?

எங்கள் வீட்டில் இதைப் பேச ஆரம்பித்தபோது முதலில் எதிர்த்தவர் என் மாமியார்தான். "ஏனுங்க அம்மிணி, வீட்டுக்கு வந்தவங்களுக்குச் சோறு போட்டுட்டுக் காசு வாங்கறதே எனக்கு ஒரு மாதிரியா இருக்குது, இதுல எனக்குச் சம்பளம் வேறயா?" என்றார். அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்தவர்களைப் பசியோடு அனுப்பாத வீடு என்று பேர் வாங்குவதையே பெருமையாக நினைத்து வாழ்ந்த தலைமுறை அது. அந்த மனசு இல்லையென்றால் நம் தோப்புக்கு வருகிறவர்கள் ஏதாவது லாட்ஜிலேயே தங்கிக்கொள்வார்கள். நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "அத்தை, சொந்தக்காரங்க வந்தா நீங்க எப்பவும் போலப் போடுங்க, அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா இவங்க தர்ற காசு எப்படியும் வீட்டுக்குள்ள வருது. அது யாரோட உழைப்புக்கு வருதோ அவங்க பேர்ல ஏன் இருக்கக் கூடாது?"

போஸ்ட் ஆபீஸில் அவர் பேரில் ஒரு கணக்கு ஆரம்பித்தோம். பணம் சேரச் சேர அவர் பேச்சு மாறியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். செவ்வாய், வெள்ளியில் கவிச்சி கிடையாது என்று அவரே விதி போட்டார். முன்பெல்லாம் விருந்தாளி கேட்டால் மனசில்லாமல் செய்துகொடுப்பார். இப்போது புக்கிங் செய்யும்போதே சொல்லிவிடுகிறோம். யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை, அன்றைக்கு அவர் போடுகிற அரிசிம்பருப்பு சாதத்துக்காகவே கிழமை பார்த்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். என் மாமனாரிடம் விலை பேசிக் குறைக்கப் பார்த்த ஒருவரிடம் அவர் உள்ளேயிருந்து வந்து, "சமைக்கறது நானுங்க, இந்த விலைக்குக் கட்டுப்படியாகுமுங்க, அதுக்குக் கீழ முடியாதுங்க" என்று சொன்னதை நான் கேட்டேன். ஒருவர் தன் உழைப்புக்குத் தானே விலை சொல்லப் பழகுவதைவிடப் பெரிய வளர்ச்சியை நான் இந்தத் தொழிலில் பார்க்கவில்லை.

இத்தாலியில் இதைச் சட்டமாகவே எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அங்கே 1975-இல் குடும்பச் சட்டத்தைத் திருத்தியபோது, குடும்பத் தொழிலில் உழைக்கிற உறவினருக்கு லாபத்தில் பங்கு உண்டு என்றும், பெண்ணின் உழைப்பு ஆணின் உழைப்புக்குச் சமம் என்றும் உரிமையியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். பண்ணைச் சுற்றுலாவுக்கென்று 1985-இல் முதலில் தனிச் சட்டம் போட்டார்கள். 2006-இல் வந்த புதிய சட்டம், பண்ணையில் விவசாயம்தான் பிரதானமாக இருக்க வேண்டும் என்கிறது. எதை வைத்து அளப்பது? வேலை நேரத்தை முக்கியமான அளவாகச் சொல்கிறது. விருந்தாளிகளுக்குச் செலவாகிற நேரம் விவசாயத்துக்குச் செலவாகிற நேரத்தை மிஞ்சக் கூடாது. பத்து விருந்தாளிகளுக்கு மேல் போகாத சிறிய பண்ணை என்றால் அளந்தே பார்க்க வேண்டாம், அதை விவசாயப் பண்ணையாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்திருக்கிறார்கள்.

இந்தப் பத்து என்ற எண்ணை நாங்கள் எங்கள் தோப்புக்கும் எல்லையாக வைத்துக்கொண்டோம். அதற்கு மேல் ஆள் வந்தால் நீர் பாய்ச்சுவதும் மாட்டுக்குத் தீவனம் வெட்டுவதும் தள்ளிப்போகிறது. நாட் குடும்பத்தின் கதை எங்கே போய் நின்றது என்று பாருங்கள். 1968-இல் அந்த இடத்தைச் சுற்றி வேலி போட்டு நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். 1997-இல் குடும்பம் அதை ஒரு பொழுதுபோக்கு நிறுவனத்துக்கு விற்றது. பழச்செடி வரிசை வரிசையாக நின்ற ஊரில் இன்று ரோலர் கோஸ்டர் ஓடுகிறது. அது அவர்கள் எடுத்த முடிவு, பெரிய சாதனையும்கூட. ஆனால் அங்கே போகிறவர் விவசாயத்தைப் பார்க்கப் போவதில்லை. நீச்சல் குளத்துக்காகக் காய்க்கிற மரங்களை வெட்டலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். தொட்டியில் விழுகிற மோட்டார் தண்ணீரில் குழந்தைகள் குளிக்கட்டும், அந்தத் தண்ணீர் அப்புறம் மரத்துக்குத்தான் போகிறது.

மகாராஷ்டிரத்தில் பாராமதிப் பக்கம் பாண்டுரங் தாவரே முன்னெடுத்த பண்ணைச் சுற்றுலா நல்ல உதாரணம். அந்த மாநிலத்தில் குளிர்காலத்தில் இளம் சோளக் கதிரை வரட்டித் தணலில் சுட்டுக் கொடுப்பார்கள், ஹுர்டா என்று பேர். அதற்காகவே நகரத்துக் கூட்டம் பண்ணைகளுக்கு வருகிறது. பயிர் எப்போது பால் பிடிக்கிறதோ அப்போதுதான் விருந்து. நாமும் காய் வெட்டு நாளை, எள் அடிக்கிற நாளைச் சொல்லி அழைக்கலாம். தனியாக வேடிக்கை காட்ட ஆள் வைக்க வேண்டியதில்லை.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. விருந்தாளியின் பிள்ளை, "இந்த மரத்துக்கு ஏன் ஊசி போடறீங்க, இதோட இளநீரை நாங்க குடிக்கலாமா?" என்று கேட்கும். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டுமானால் நாம் படிக்க வேண்டியிருக்கும், வேளாண் பல்கலைக்கழகத்துக்காரர்களிடம் கேட்க வேண்டியிருக்கும். என் கணவர் அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் மருந்தடிக்கிற பழக்கத்தையே மாற்றினார். அவருடைய அந்த நாலு மணி நேரத்துக்கும் நோட்டில் கூலி உண்டு.

கடைசியாக, நீங்கள் உள்ளே வரும்போது பல பேர் கேட்ட கேள்வி. மாமியாரும் மருமகளும் சேர்ந்து சமைத்தால் எப்படிப் பிரிப்பது? மணிக்கணக்குப்படிதான் பிரிக்க வேண்டும். பெரியவர் என்பதால் அதிகம், வந்தவள் என்பதால் குறைவு என்று வைத்தால் அடுத்த சீசனுக்குள் சண்டை வந்துவிடும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை மணிக்கணக்கில் சேர்க்காதீர்கள், அவர்களை வேலைக்கும் நிறுத்தாதீர்கள். அப்புறம், ஏப்ரல், மே விடுமுறைக்கு புக்கிங் திறப்பதற்கு முன்னால் வீட்டில் எல்லோரும் காலண்டரோடு உட்காருங்கள். சமையல் செய்கிறவர் தனக்கு வேண்டிய நாட்களை முதலில் அடைக்கட்டும். அம்மா வீட்டு விசேஷம், கோயில் நோம்பி, ஒன்றுமில்லாமல் சும்மா படுத்திருக்க ஒரு நாள், எதுவாக இருந்தாலும் காரணம் கேட்காதீர்கள். மிச்ச நாட்களை விருந்தாளிகளுக்குக் கொடுங்கள். வணக்கம்.