மெல் டார்மே பேரு இருக்கு, மார்ட்டி பேய்ச் பேரு எங்கப்பா?

வணக்கம் மக்களே. இன்னைக்கு கொஞ்சம் கடுப்புல இருக்கேன், நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ஜாஸ் பாடகர் மெல் டார்மேயோட 1956 ஆல்பத்தை ஒரு ஆப்ல மறுபடி ஏத்தியிருக்காங்க. சத்தம் கண்ணாடி மாதிரி இருக்கு, அதுல குறையே இல்ல. ஆனா கிரெடிட்ஸை அழுத்தினா பாடினவர் பேரு மட்டும் வருது. எந்த வாத்தியம் எதை வாசிக்கணும்னு எழுதின அரேஞ்சர் மார்ட்டி பேய்ச்? இல்ல. இத்தனைக்கும் அந்த ரெகார்டு முதல்ல வந்தப்போ தலைப்புலயே 'மார்ட்டி பேய்ச் டெக்டெட்'னு இருந்துது! (டெக்டெட்னா பத்துப் பேர் அளவுக்கான பேண்டு.) அப்புறம் மறுபதிப்புல உள்ள இருக்குற ஒரு பாட்டுப் பேரைத் தூக்கி தலைப்பா வெச்சாங்க, ஆளைக் கழட்டி விட்டாங்க. நான் கிரெடிட்ஸ் பைத்தியம்னு உங்களுக்குத் தெரியும். இதை எப்படி விடுறது?

பேய்ச். பேய் இல்லப்பா, பேய்ச். 1925ல கலிஃபோர்னியா ஓக்லாண்டுல பிறந்தவர், ஜாஸ் பியானிஸ்ட். டோட்டோங்கிற ராக் பேண்டுல கீபோர்டு வாசிச்ச டேவிட் பேய்ச்சுக்கு அப்பா. இப்ப தலையாட்டுறீங்கல்ல?

அவர் பண்ணின வேலை என்னன்னா, பெரிய பேண்டு சத்தத்தை சின்ன செட்டுல கொண்டு வந்தது. சாதாரண பிக் பேண்டுல ட்ரம்பெட் நாலு, ட்ராம்போன் மூணு நாலு, சாக்ஸ் அஞ்சு இருக்கும். இவர்கிட்ட ட்ரம்பெட் ரெண்டே ரெண்டு. கூட ஒரு ஃப்ரெஞ்ச் ஹார்ன், ஒரு ட்யூபா, சாக்ஸ்கள், பியானோ, பேஸ், ட்ரம்ஸ். பேஸ் ரெட் மிட்செல், ட்ரம்ஸ் மெல் லூயிஸ். ஆங், ட்ராம்போனை விட்டுட்டேன். ஒண்ணே ஒண்ணு, அதுவும் வால்வு வெச்சது, வாசிச்சது பாப் எனவோல்ட்சன். இந்த அமைப்புக்கு முன்மாதிரி சாக்ஸ் கலைஞர் ஜெர்ரி மல்லிகனோட 1953 பத்துப் பேர் பேண்டு, 'டென்டெட்'.

இப்ப ஹார்ன், அதாவது அந்த ஃப்ரெஞ்ச் ஹார்ன். போன வீடியோ கமென்ட்ல நிறைய பேர் "எட்டு பார் எழுதினேன், கேக்க ஒரு மாதிரி இருக்கு, தப்பு எங்கன்னு தெரியல"ன்னு போட்டிருந்தீங்க. (பார்னா ஒரு தாளச் சுத்து.) நூத்துக்குத் தொண்ணூறு ஹார்ன் பார்ட்தான். ஹார்ன் எஃப்-ல இருக்குற வாத்தியம், எழுதினது ஒண்ணு, கேக்குறது ஒண்ணு. ஸ கேக்கணும்னா ப எழுதணும். சாஃப்ட்வேர்ல கான்சர்ட் பிட்ச் பட்டனை (கேக்குற ஸ்வரத்தையே காட்டுறது) அணைக்காம பார்ட்டை பிரிண்ட் எடுத்தா, ஹார்ன்காரர் வாசிக்கிறது ஸ-வுக்கும் ப-வுக்கும் உள்ள தூரம் கீழ விழும். கொடுமை என்னன்னா அது அபஸ்வரமா கேக்காது! சி மேஜர் கார்டுல ஹார்னுக்கு இ கொடுத்திருக்கீங்க, அவர் இ-ன்னு படிச்சு ஊதினா கீழ ஏ வரும். சி, இ, ஜி-யோட ஏ சேர்ந்தா ஏ மைனர் செவன்த். அழகாத்தான் இருக்கும்! பாட்டுதான் சோகமாயிடும். அதனாலதான் ஒத்திகை முடியுற வரைக்கும் யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க.

மத்ததையும் குறிச்சுக்கோங்க. ட்ரம்பெட்டுக்கு ஸ வேணும்னா பெரிய ரி எழுதணும். ஆல்டோ சாக்ஸுக்கு பெரிய த. பாரிடோனுக்கும் அதே த, ஆனா இன்னொரு ஸ்தாயி மேல. டெனாருக்கு ரி, அதுவும் ஒரு ஸ்தாயி மேல. ட்ராம்போனும் ட்யூபாவும் உள்ளது உள்ளபடி, கீழ் ஸ்வரங்களுக்கான பேஸ் க்ளெஃப் குறியில.

அடுத்த தப்பு ட்யூபா. பேஸ் கிட்டார் போற வழியிலேயே ட்யூபாவையும் அடிக்கு ஒரு ஸ்வரமா நடக்க விடுறது, சாரி, பேஸ் கிட்டார் இல்ல, டபுள் பேஸ். ரெண்டும் ஒரே லைன் போனா சேறுதான். நடக்கிற வேலையை பேஸுக்கு விடுங்க. ட்யூபா மத்த ஊதுற வாத்தியங்களோட சேர்ந்து மூச்சு விடணும், அவங்க நிறுத்தற இடத்துல இதுவும் நிறுத்தணும். மிடில் சி-க்கு ஒரு ஆக்டேவ் கீழ போனதும் தேர்ட் (ஸ-வும் க-வும் மாதிரி நெருக்கமான ஜோடி) வெக்காதீங்க, குழைஞ்சு போகும். அங்க ஃபிஃப்த் (ஸ-ப), டென்த் (ஸ-வும் மேல் ஸ்தாயி க-வும்) மாதிரி அகலமானதுதான் தாங்கும். பியானோவும் கார்டோட அடி ஸ்வரமான ரூட்டை விட்டுட்டு, அதுலேர்ந்து மூணாவதும் ஏழாவதும், அதாவது தேர்டும் செவன்த்தும் மட்டும் தொட்டாப் போதும். ரூட் வாசிக்க ஏற்கெனவே ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க.

பாடகருக்கு எழுதறப்போ இன்னொரு கணக்கு. டெம்போ 160ன்னா (நிமிஷத்துக்கு 160 அடி, பாருக்கு நாலு) ஒரு பார் ஒண்ணரை செகண்டு. வரி முடிஞ்சு ரெண்டு பார் காலி விட்டா மூணு செகண்டு. ட்ரம்பெட், ட்ராம்போன் மாதிரி பித்தளை வாத்தியங்களுக்குக் கிடைக்கிற இடம் அவ்ளோதான். 1960ல டார்மேயோட பண்ணின 'ஷூபர்ட் ஆலி' ஆல்பத்தைப் போட்டுக் கேளுங்க, அந்த மூணு செகண்டுல பேய்ச் எப்படி உள்ள வந்து எப்படி வெளிய போறார்னு. ஆல்டோ சோலோ ஆர்ட் பெப்பர். எனக்கு 1956ஐ விட இதுதான் ஒரு படி மேல, சண்டைக்கு வாங்க பரவாயில்ல.

பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 1958ல பேய்ச் பண்ணின ஆல்பம் கிராமியே வாங்கிச்சு. வாங்கினது பாடினவங்க, அரேஞ்சர் இல்ல! காசும் அப்படித்தான். அமெரிக்க யூனியன் கணக்குல ஸ்கோர் பக்கத்துக்கு இவ்ளோன்னு கூலி, நாலு பார் ஒரு பக்கம். 32 பார் பாட்டு மூணு தடவை சுத்தினா 24 பக்கம், வாங்கிட்டுப் போய்க்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

அட, பாடகர் ரே சார்ல்ஸை மறந்தே போனேன். 1962 கன்ட்ரி ஆல்பத்துல வயலின், கோரஸ் எழுதினது பேய்ச். பேண்டு பாட்டுங்களுக்கு எழுதினது ஜெரால்ட் வில்சன், கில் ஃபுல்லர். 'ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ' 5 வாரம் அமெரிக்காவுல நம்பர் 1. கோரஸ் வரியை எடுத்துக் கொடுக்க, ரே பதில் சொல்றார். அந்தப் பதில் அபாரம். அந்தக் கோரஸ் இருக்கே, எனக்கு ஒத்துக்கவே ஒத்துக்காது, சர்க்கரைப் பாகுல முக்கி எடுத்த மாதிரி. டெக்டெட்ல ஒரு ஹார்னை வெச்சு நிறுத்தத் தெரிஞ்ச மனுஷன்தான் இதையும் எழுதியிருக்கார்!

1988ல டார்மேயும் பேய்ச்சும் திரும்ப டெக்டெட்டோட சேர்ந்தாங்க, டோக்கியோ கச்சேரி ரெகார்டிங் இருக்கு. அதுக்குத் தனி வீடியோ. எட்டு பார் ஸ்கோர் கீழ போட்டிருக்கேன். பிரிண்ட் கொடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பட்டன், ஞாபகம் இருக்கட்டும்.